பிரெட்டும் பசியும்: உணவியல் மாணவிக்கு ஒரு மடல்



எடை குறைக்க விரும்புவோர் இரவில் சோற்றை நிறுத்திவிட்டு நான்கு துண்டு பிரவுன் பிரெட் உண்டால் போதுமா என்ற வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது முறையாகாது. ஏனெனில் அவ்வினாவினுள் பிழையான இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்துள்ளன. பிரெட் வயிற்றுக்கு இலேசானது, ஆகவே ஆற்றலும் குறைவாகவே தரும் என்பது ஒன்று. பழுப்பு நிறமுடைய பிரெட் முழுக் கோதுமையால் ஆனது என்பது மற்றொன்று. காய்ச்சல் கண்டவருக்குப் பாலில் நனைத்த பிரெட் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருவதால் முதல் நம்பிக்கை வேரூன்றியது. இரண்டாவதை விளம்பரங்கள் வளர்த்தன. கலோரி என்றால் என்னவென்று நன்கறிந்த உணவியல் மாணவர்களும் இவ்விரண்டையும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்வது வருந்தத்தக்கது.

முதல் நம்பிக்கையைக் கணக்கிட்டே சோதிக்கலாம். வெள்ளை பிரெட் 100 கிராமுக்கு ஏறத்தாழ 265 கிலோகலோரியும், முழுக் கோதுமை பிரெட் ஏறத்தாழ 250 கிலோகலோரியும், வெந்த வெள்ளைச் சோறு ஏறத்தாழ 130 கிலோகலோரியும் தருகின்றன. நான்கு துண்டு வெள்ளை பிரெட் சுமார் 110 கிராம் எடையிருக்கும் என்று கொண்டால், அதிலிருந்து கிடைக்கும் 290 கிலோகலோரி சுமார் 220 கிராம் சோற்றிலிருந்து கிடைப்பதற்குச் சமம். கோதுமைக்கும் அரிசிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட நீரின் அளவே இதற்குப் பெரிதும் காரணம். சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர், பிரெட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய அளவுதான் நீர். ஒரு கிராம் உணவில் அடங்கியுள்ள ஆற்றலை ஆற்றல் அடர்த்தி என்பர். பார்வைக்குப் பஞ்சு போலத் தோன்றும் பிரெட் இவ்வளவையில் சோற்றைவிட இரு மடங்கு செறிவானது. வெள்ளைக்கும் பழுப்புக்கும் இடையே உள்ள வேறுபாடோ நான்கு துண்டுகளுக்குப் பதினைந்து இருபது கிலோகலோரிக்கு மேல் இல்லை; அவ்வளவு ஆற்றலை ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையே தந்துவிடும்.

அவ்வாறாயின் எந்த பிரெட்டை உண்டாலும் ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றும். ஒன்றன்று. எடை குறைப்போரின் முதன்மையான இடர் பசியாகும். ஆதலால் ஒரே அளவு ஆற்றலைத் தரும் இரு உணவுகளுள் எது பசியை நெடுநேரம் அடக்குகிறதோ அதுவே தேரத்தக்கது. இதனை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. உணவியல் படிப்பவர் ஒவ்வொருவரும் அதை முழுமையாகக் கற்றறிதல் வேண்டும். சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன்னா ஹோல்ட், ஜேனட் பிராண்ட் மில்லர் முதலியோர் 1995-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 38 உணவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டு, ஒவ்வொன்றும் 240 கிலோகலோரி அளவில் 11 முதல் 13 பேர் கொண்ட குழுக்களுக்கு வழங்கப்பட்டது. உண்டவர்கள் இரண்டு மணி நேரம் வரை 15 நிமிடத்திற்கு ஒருமுறை தம் பசியின் நிலையைக் குறித்தனர். அதன்பின் விரும்பியவாறு உண்ண விடப்பட்டு, எவ்வளவு உண்டனர் என்பதும் அளக்கப்பட்டது. வெள்ளை பிரெட் தந்த நிறைவை 100 என வைத்துப் பிற உணவுகள் மதிப்பிடப்பட்டன; அம்மதிப்பே நிறைவுக் குறியீடு எனப்படும்.

அதன் முடிவுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முழுக் கோதுமை பிரெட் 157, தானியமணிகள் கலந்த பிரெட் 154, வெள்ளைச் சோறு 138, வேகவைத்த உருளைக்கிழங்கு 323 என மதிப்புப் பெற்றன. வெண்ணெய் மிகுந்த குரோசான் 47, கேக் 65, டோனட் 68 என வெள்ளை பிரெட்டுக்கும் கீழே நின்றன. சோற்றை நிறுத்தி வெள்ளை பிரெட்டுக்கு மாறுபவர், ஒரே ஆற்றலுக்குக் குறைந்த நிறைவைத் தரும் உணவுக்கே மாறுகிறார் என்பது இதனால் பெறப்படும். இன்னும் ஒன்று: அவ்வாய்வில் பழுப்பரிசிச் சோறு 132 பெற்று வெள்ளைச் சோற்றுக்கு ஏறத்தாழச் சமமாகவே நின்றது. நிறமே நிறைவைத் தரும் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை. நிறைவோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தது, பரிமாறப்பட்ட உணவின் எடையே ஆகும். அதாவது, ஒரே ஆற்றலுக்குத் தட்டில் அதிகக் கனத்தோடு வந்த உணவு பசியை அதிகமாக அடக்கியது. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே, அளந்த காலம் இரண்டு மணி நேரமே, நாடும் ஆஸ்திரேலியா என்பன நினைவிற் கொள்ள வேண்டிய வரம்புகள். ஆயினும் பிரெட்டைத் தேர்வதற்கு நிறத்தையும் பெயரையும் காட்டிலும் நம்பத்தக்க அளவுகோலை அது தருகிறது.

தோற்றத்தைவிடக் கனமே கருதத்தக்கது என்ற இக்கருத்தை மேசையருகிலேயே சோதித்துக் காணலாம். வெள்ளை பிரெட் துண்டொன்றை உள்ளங்கையில் வைத்து இறுக அழுத்தினால் அது சிறிய எலுமிச்சை அளவுள்ள மாவுருண்டையாகச் சுருங்கிவிடுகிறது; துண்டு பெரிதாகத் தோன்றியதற்கு ஈஸ்ட் ஊதிய காற்றே காரணம் என்பது அப்போது விளங்கும். உடையாத தானியமணிகள் நிறைந்த கெட்டியான பிரெட் அவ்வாறு சுருங்காது. அதனை மென்றே விழுங்க வேண்டியிருப்பதால் உண்ணும் வேகமும் குறைகிறது.

மணி உடையாதிருப்பதன் பயனை மற்றோர் அளவையும் காட்டுகிறது. 50 கிராம் செரிக்கத்தக்க மாவுச்சத்து அடங்கிய உணவு, இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிட்டுக் கூறும் எண்ணே கிளைசீமிக் குறியீடு. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் அதனை முன்வைத்தனர். 2008-இல் வெளியான பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக் கோதுமை பிரெட்டின் சராசரி 74, தானியமணிகள் நிறைந்த பிரெட்டின் சராசரி 53. தவிட்டோடு சேர்த்து அரைத்தாலும், மாவு நுண்ணிதாக இருந்தால் செரிமான நொதிகள் அதனை வெள்ளை மாவைப் போலவே விரைவில் சிதைத்துவிடுகின்றன. மணியின் கட்டமைப்பு குலையாதபோதே செரிமானம் தாமதமாகிறது. முழுக் கோதுமை என்ற பெயரைக் கண்டதும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கவலையின்றிப் பரிந்துரைப்போர் 75, 74 என்ற இவ்விரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. முழுக் கோதுமையின் உண்மையான சிறப்பு நார்ச்சத்திலும், தவிட்டிலும் முளையிலும் அடங்கிய உயிர்ச்சத்துகளிலும் தாதுக்களிலும் உள்ளது. அச்சிறப்பே போதுமானது, இல்லாத சிறப்புகளை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரெட்டின் வரலாற்றைப் படிப்போர், அதன் நிறத்தை அறத்தோடு இணைத்துப் பேசியவர்கள் பலர் இருந்ததைக் காண்பர். அமெரிக்காவில் சில்வெஸ்டர் கிரகாம் என்னும் மதபோதகர் 1837-இல் பிரெட்டைப் பற்றித் தனி நூலே எழுதி, சலிக்காத மாவை வலியுறுத்தினார். இங்கிலாந்தில் அதே கருத்தை மருத்துவர் தாமஸ் அல்லின்சன் பரப்பினார். இவர்களுடைய ஆர்வத்தைப் படிக்கும்போது மதிப்புத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதற்கு அடுத்தபடியாகப் படிக்க வேண்டியது எல்சி விடோசன், ராபர்ட் மெக்கான்ஸ் ஆகிய இருவரின் ஆய்வாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் அனாதை இல்லங்களில், ஊட்டம் குன்றிய குழந்தைகளுக்கு வெவ்வேறு மாவுகளால் ஆன பிரெட்டை அவர்கள் பல மாதங்கள் கொடுத்துப் பார்த்தனர். முழு மாவு பிரெட்டை உண்டவரும் வெள்ளை பிரெட்டை உண்டவரும் ஒன்றுபோலவே நன்கு வளர்ந்தனர். வெள்ளை மாவே நஞ்சு என்று மேடையேறி முழங்குவோர் இம்முடிவை வசதியாக மறந்துவிடுகின்றனர். வயிறார உணவு கிடைக்காத குழந்தைக்கு ஆற்றலே முதல் தேவை. உணவு மிகுந்து எடை கூடியவருக்குக் குறைந்த ஆற்றலில் நிறைவே முதல் தேவை. ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உணவியலில் இல்லை.

இனி, கடையில் நின்று தேரும் முறையைக் காண்க. பொதியின் முன்பக்கத்தில் உள்ள கதிர்ப் படத்தையும் கொட்டை எழுத்துகளையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மூலப்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் தரப்பட வேண்டும். பட்டியல் சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு, அதாவது மைதா என்று தொடங்கினால், உள்ளே இருப்பதில் மிகுதியானது மைதாவே. பெயர் பிரவுன் என்றிருந்தாலும் அவ்வுண்மை மாறாது. 150ஏ என்ற எண் காணப்பட்டால் அது சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் கேரமல் நிறமியாகும். அந்நிறமி தீங்கு என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து மட்டும் வந்ததன்று என்பதற்கு அது சான்று.

மல்டிகிரெய்ன் என்ற பெயருடைய பிரெட்டுக்கு உப்பே உரைகல். பிரெட்டில் சேரும் உப்பு மாவின் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு அளவே இருக்கும். ஆகவே ஓட்ஸ், கேழ்வரகு, ஆளிவிதை முதலியவை பட்டியலில் உப்புக்குப் பின்னே வந்தால், அவை ஒவ்வொன்றின் அளவும் அந்த ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை என்று உறுதியாகக் கொள்ளலாம். மேலே தூவிய நான்கு விதைகளுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது ஊட்டத்திற்காகச் செய்யும் செலவாகாது.

அடுத்து நார்ச்சத்தின் அளவைப் பார்க்க வேண்டும். 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் அவ்வுணவு நார்ச்சத்துள்ளது என்றும், 6 கிராம் இருந்தால் நார்ச்சத்து மிகுந்தது என்றும் பொதியில் குறிப்பிட விதிகள் இடமளிக்கின்றன. இதனினும் கூரிய சோதனை, மொத்த மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பார்ப்பதாகும். ஈவு பத்துக்கு மிகாதிருத்தல் நன்று. மாவுச்சத்து 50 கிராம், நார்ச்சத்து 2.5 கிராம் என்றால் ஈவு 20. மாவுச்சத்து 45 கிராம், நார்ச்சத்து 6 கிராம் என்றால் ஈவு 7.5. முன்னதை விடுத்துப் பின்னதைக் கொள்க. நார்ச்சத்தைக் குறிப்பிடாத பொதிகளும் உண்டு. அவற்றை வாங்காமல் விடுவதே எளிய வழி. உப்பும் கருதத்தக்கது: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது, 100 கிராம் பிரெட்டில் ஏறத்தாழ 1.2 கிராம் இருப்பதால், நான்கு துண்டுகளே அவ்வளவில் கால் பங்கை எட்டிவிடுகின்றன.

குளூட்டன் இல்லாத பிரெட், அதாவது கோதுமையின் பசைப்புரதம் சேராத பிரெட், சீலியாக் நோய் உடையோருக்கு இன்றியமையாதது. எடை குறைப்போருக்கு அதனால் தனிப்பயன் இல்லை, அரிசி மாவும் மரவள்ளி மாவும் கொண்டு செய்யப்படுவதால் அவற்றுட் பலவற்றில் நார்ச்சத்தும் குறைவு. புளித்த மாவால் ஆன சவர்டோ பிரெட்டும் மைதாவால் செய்யப்பட்டால் நார்ச்சத்தில் மைதா பிரெட்டே. கெட்டியான பிரெட் விரைவில் தீராது என்று தயங்குவோர் அதனைக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர்ப்பகுதியில் வைத்தல் ஆகாது. அவ்வெப்பநிலையில் மாவுச்சத்து மீண்டும் இறுகி பிரெட் விரைவில் வறண்டுவிடும். உறைநிலைப் பகுதியில் வைத்து, வேண்டியபோது துண்டு துண்டாக எடுத்து வாட்டிக்கொள்வதே தக்கது. அவ்வாறு செய்தால் உண்ணும் அளவும் காக்கப்படும்.

அளவே இறுதியில் முடிவு செய்வது. சாண்ட்விச் பிரெட் என விற்கப்படும் பெரிய துண்டு, சிறிய துண்டைவிடக் கணிசமாகக் கனமானது. ஆகவே துண்டுகளை எண்ணாமல், பொதியின் மொத்த எடையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு துண்டின் எடையை அறிய வேண்டும். அதன்மேல் தடவும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் ஏறத்தாழ 100 கிலோகலோரி தருவதால், அது ஒரு துண்டு பிரெட்டையே விஞ்சிவிடுகிறது. பிரெட்டைத் தேர்ந்தெடுப்பதில் நுணுக்கம் காட்டிவிட்டு வெண்ணெயை அளவின்றித் தடவுவோர் எடை குறையவில்லை என்று குறைகூற உரிமையற்றவர். முழுக் கோதுமை அல்லது தானியமணி பிரெட் இரண்டு துண்டு, அவற்றோடு அவித்த முட்டையோ சுண்டலோ, கிண்ணம் நிறையக் காய்கறி என்று அமையும் உணவே நிறைவையும் தந்து ஆற்றலையும் கட்டுப்படுத்தும்.

பிரெட்டை விரும்பி உண்போருக்கே இவ்வளவு விளக்கமும். சோற்றை விரும்புவோர் எடைக்காக பிரெட்டுக்கு மாற வேண்டிய தேவை சிறிதும் இல்லை. சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் காய்களையும் கூட்டினால் அதே பயன் கிட்டும். நாளை உணவு ஆலோசகராக அமரப்போகும் மாணவி, எதிரே அமர்பவரிடம் எதை நிறுத்தச் சொல்வது என்று தொடங்காமல், அவர் எதை விரும்பி உண்கிறார், எப்போது பசிக்கிறது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். அவ்விரண்டு விடைகளும் தெரிந்தபின் எந்த பிரெட், எத்தனை துண்டு, பிரெட் வேண்டுமா என்பன எளிதில் தீர்மானிக்கப்படும்.