கியூப் பாஸ், தளம் பாஸா?

சொந்த மனை வாங்கி வீடு கட்டும் நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "சார், கியூப் டெஸ்ட் பாஸ். இனிக் கவலையில்லையே?" என்று கேட்பதுண்டு. ரயில்வேயில் பாலங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் வினையும் நின்றுபோகும். ஆகவே சோதனைக் கட்டியின் பலம் கலவையை மட்டும் பொறுத்ததல்ல. அதை எப்படி நனைத்து வைத்தோம் என்பதையும் பொறுத்தது.

நம் நாட்டில் இதற்கான முறையை ஐ.எஸ். 516 சொல்கிறது. 1959ல் வந்தது, 2021ல் திருத்தப்பட்டது. 150 மில்லிமீட்டர் இரும்பு அச்சில் கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 35 குத்து குத்த வேண்டும். வேலையிடத்தில் செய்த கட்டியை அதிர்வில்லாத இடத்தில் ஈரக் கோணி போர்த்தி 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு அச்சைக் கழற்றி, அடையாளம் எழுதி, சுத்தமான தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுண்ணாம்பு கரைத்த தண்ணீரிலும் வைக்கலாம். கட்டியில் உள்ள சுண்ணாம்பு கரைந்து வெளியேறாமல் அது தடுக்கும்.

சோதனைச்சாலைத் தொட்டியின் வெப்பம் 27 டிகிரி. இரண்டு டிகிரி கூடலாம், குறையலாம். பிரிட்டிஷ்காரர்களுக்கு இதே கணக்கு 20 டிகிரி. நம் வெயிலுக்கு 27தான் பொருத்தம். ஆனால் தில்லியில் ஜனவரி இரவும் மே மாதப் பகலும் ஒன்றா? குளிரில் பலம் மெதுவாக ஏறும். கடும் வெயிலில் முதலில் வேகமாக ஏறி, கடைசியில் கொஞ்சம் குறைவாகவே நிற்கும்.

நான் பணியாற்றிய ஒரு பாலத்தில் 28 நாள் சோதனையில் மூன்று கட்டிகளும் குறைந்த பலம் காட்டின. தூணை இடிக்க வேண்டுமா என்ற அளவுக்குப் பேச்சு போனது. விசாரித்தால், அச்சிலிருந்து எடுத்த கட்டிகள் பல நாள் தகரக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் கிடந்திருக்கின்றன. தூணிலிருந்தே உருளையாகத் துளைத்தெடுத்துச் சோதித்தோம். தூண் நன்றாகவே இருந்தது. ஈரக் கோணிக்குச் சோம்பல்பட்டதில் ஒரு மாத வேலை நின்றது.

எதிர்ப்பக்கத் தந்திரமும் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்த கட்டியை ஈரத்தோடுதான் உடைக்க வேண்டும். உலரவிட்டு உடைத்தால் பலம் கூடுதலாகக் காட்டும். விவரம் தெரிந்த சில ஆட்கள் இதைச் செய்வார்கள்! எம்-20 கலவையில் 20 நியூட்டன் பலம் காட்ட, 150 மில்லிமீட்டர் கட்டி ஏறத்தாழ 46 டன் தாங்க வேண்டும்.

28 நாள் காத்திருக்க முடியாதவர்களுக்குக் கொதிநீர் முறை இருக்கிறது. ஒரு நாள் ஈரத்தில் வைத்து, மூன்றரை மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டு, ஆறவிட்டு உடைப்பார்கள். அதிலிருந்து 28 நாள் பலத்தைக் கணக்கிடலாம். அது மதிப்பீடுதான்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம். தொட்டியில் சுகமாகக் கிடந்த கட்டி, அந்தக் கலவையால் எவ்வளவு பலம் தர முடியும் என்பதைத்தான் சொல்லும். மொட்டைமாடியில் நம் தளம் தண்ணீர் குடித்ததா என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் மூன்று கட்டி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். தளத்தின் மேலேயே வைத்து, தளத்துக்கு ஊற்றும்போது மட்டும் அவற்றுக்கும் ஊற்றட்டும். சென்ட்ரிங் முட்டைப் பிரிக்கும் முன் இவற்றை உடைத்துப் பாருங்கள். பிரிக்கலாமா என்பதற்கு, வேலையிடத்து வெப்பத்திலும் ஈரத்திலும் வளர்ந்த பலத்தைத்தான் ஐ.எஸ். 456ம் கேட்கிறது.

அதே நூல், நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டு எடுக்கலாம் என்கிறது. ஆனால் அது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில், ஒழுங்காகத் தண்ணீர் கட்டியிருந்தால். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் கட்ட வேண்டும். தில்லிக் குளிரில் "ஏழு நாள் ஆச்சு ஜீ" என்று மிஸ்திரி சொன்னால், சிமெண்ட் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.