தொலைவிலிருந்து வீட்டைக் காணல்

எறணாகுளத்துப் பிராட்வேயை அறியாத தமிழ் மாணவர் நம்முள் இரார். துணியும் குடையும் பாத்திரமும் மலிந்த அக்குறுகிய தெருவையும், அதனையடுத்த சண்முகம் சாலையின் கைப்பேசிக் கடைகளையும் ஒரு முறை சுற்றி வந்தால், வீட்டுக் காவலுக்குரிய சிறு காமிராக்களும் கண்ணிற்படும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர், முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீட்டில் பொருத்துவதற்காக அவற்றுள் ஒன்றை வாங்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்தபின், விடுதிக் கட்டிலில் அமர்ந்தபடியே கைப்பேசியில் வீட்டைப் பார்க்கிறார். அம்மா கூடத்தில் அமர்ந்து கீரை ஆய்வது தெரிகிறது. மகிழ்ச்சிதான். ஆயின், அக்காட்சி எவ்வழியே வந்தது? அவ்வழியே வேறொருவர் நுழைய இயலாதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டுக் காமிராவின் வரலாறு வாயிற்கதவில் தொடங்குகிறது. நியூயார்க் நகரில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியார், தாம் தனித்திருக்கும் வேளையில் கதவைத் தட்டுபவர் யாரென்று உள்ளிருந்தே அறிய விரும்பினார். அவரும் அவர் கணவரும் 1966-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1969-இல் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள். அவற்றின் வழியே நோக்கும் காமிரா. உள்ளே காட்சித் திரை. இதுவே அவர்கள் அமைத்த முறை. அக்காமிரா வெளியே நோக்கியது. பார்ப்பவர் வீட்டினுள் இருந்தார். இன்றோ காமிரா வீட்டினுள் நோக்குகிறது. பார்ப்பவர் நெடுந்தொலைவில் இருக்கிறார். இம்மாறுதலை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

காட்சி வரும் வழியை அறிய நம் விடுதியையே உவமையாகக் கொள்ளலாம். வெளியுலகுக்கு விடுதியின் முகவரி ஒன்றே. உள்ளே அறைக்கு ஓர் எண். உள்ளிருப்பவர் அழைத்தவரையன்றிப் பிறரை வாயிற்காவலர் விடமாட்டார். வீட்டு இணையத்தில் அக்காவலர் வேலையைச் செய்வது ரவுட்டர். காவலரைக் கடந்து காமிராவை அடைய இரு வழிகள் உண்டு. ‘எட்டாம் அறையைக் கேட்டு யார் வரினும் உள்ளே விடுக’ என்று காவலருக்குச் சொல்லி வைப்பது முதல் வழி. இதில் நமக்குத் திறந்த வாயில் உலகுக்கே திறந்த வாயிலாகும். சில காமிராக்கள் நம்மைக் கேளாமலே ரவுட்டரிடம் சொல்லி இவ்வாயிலைத் திறந்துகொள்வதும் உண்டு.

இரண்டாவது வழியில், காமிரா தானே வெளியே சென்று, அதனைச் செய்த நிறுவனத்தின் சர்வரிடம் காத்திருக்கும். நம் கைப்பேசிச் செயலியும் அங்கே செல்லும். சர்வர் இரண்டையும் இணைத்துவைக்கும். வாயில் திறந்து கிடப்பதில்லை. ஆனால் அந்நிறுவனத்தை நாம் நம்பியாக வேண்டும். சாவி, நம் கணக்கின் கடவுச்சொல்லே. வழி எதுவாயினும் செலவு ஒன்று உண்டு: நொடிக்கு 10 இலட்சம் பிட்டு வீதம் காட்சி வந்தால், ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட் கரைந்துவிடும்.

சாவியைக் காவாவிடின் நேர்வது யாது? 2016-ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் காமிராக்களைத் தேடிச் சென்றது. அதனிடம் இருந்த கருவி, ஏறத்தாழ அறுபது இணைப் பெயர்களும் கடவுச்சொற்களுமே. அவை ஆலையிலிருந்து வரும்போதே சாதனங்களில் இடப்பட்டவை. வாங்கியவர்கள் மாற்றாது விட்டவை. அவ்வாறு வசப்பட்ட சாதனங்களைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நடந்த தாக்குதலால், டுவிட்டர் முதலிய தளங்கள் அமெரிக்காவிற் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. நிரலை எழுதியோருள் ஒருவர் நம்மைப்போல் ஒரு பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர் என்பதும் நினைக்கத்தக்கது.

நம் நாட்டிலும் இதனினும் கொடியது நிகழ்ந்தது. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ராஜ்கோட்டிலுள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதித்த காட்சிகள் இணையத்தில் பரவின, காசுக்கும் விற்கப்பட்டன. நோயாளியரைக் காக்க வைத்த கண்ணே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆயினும் பரவிய படத்தைச் சட்டம் திரும்ப அழைத்துவருமா?

ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை. காமிராவைப் பொருத்திய அன்றே அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுக. வேறெங்கும் வழங்காத நீண்ட சொல்லாக அமைக்க. பொருத்த வந்தவர் தம் கைப்பேசியிற் சேர்த்துச் சோதித்திருந்தால், அவர் போகுமுன் அதனை நீக்கச் செய்க. கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் ஈரடுக்குக் காவல் இருப்பின் அதனை இயக்குக. ரவுட்டரில் தானே வாயில் திறக்கும் வசதியை மூடுக. காமிராவின் உள்நிரல் புதுப்பிக்கப்படுந்தோறும் ஏற்றுக்கொள்க. இந்திய அரசு 2024-இல் வெளியிட்ட விதிகளால், 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையில் தேறிய காமிராக்களே விற்பனைக்குரியன. வாங்கும்போது அச்சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

இவையனைத்தும் அயலாரைத் தடுக்கும் வழிகள். நம்மைத் தடுப்பது எது? அம்மாவின் பாதுகாப்புக்கென்று வைத்த காமிரா, அம்மா எப்போது உறங்கினார், யாரோடு பேசினார் என்று நாம் எண்ணிப் பார்க்கும் கருவியாகிவிடலாம். கூடத்தில் வைப்பதற்குமுன் அவரை ஒரு சொல் கேட்டோமா? ‘வாசலுக்கு மட்டும் போதும்’ என்று அவர் சொன்னால், அதற்கு மேற்பட்ட முடிவு வேறில்லை. செவிலியார் பிரவுன் காமிராவை வைத்த இடமும் வாசலே அன்றோ? வாசலைக் காமிரா பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் நலத்தை நாம் அவரிடமே கேட்டறிவோம். அதற்கும் அதே கைப்பேசி போதும்.