சர்வர் கொடுக்கும் வாக்கு

குரூப் ப்ராஜெக்ட்ல ஒருத்தர் எழுந்து, "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரிப்போர்ட்டை இவன் முடிச்சுடுவான்" என்று பக்கத்தில் இருப்பவனைக் காட்டினால் என்ன நடக்கும்னு நமக்கே தெரியும். ஞாயிறு ராத்திரி ரிப்போர்ட் இருக்காது. அடுத்தவனுக்காக நாம வாக்குக் கொடுக்க முடியாது. நம்ம வேலைக்கு மட்டும்தான் கொடுக்க முடியும்.

இதைக் கம்ப்யூட்டர்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் மார்க் பர்ஜெஸ். 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சிஎஃப்எஞ்சின் என்ற ஆட்டோமேஷன் மென்பொருளைத் தொடங்கினார். அதற்கான கோட்பாடாக 2004-ல் அவர் முன்வைத்ததுதான் ப்ராமிஸ் தியரி.

கட்டளையில் என்ன சிக்கல்?

லேப்ல 20 மெஷின். எல்லாவற்றிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கணும். எஸ்எஸ்ஹெச் வழியாக ஸ்கிரிப்ட் ஓட்டுகிறோம். மூணு மெஷின் ஆஃப்ல இருக்கு. அவற்றை ஆன் பண்ணி, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுகிறோம். மூணும் சரி, ஆனால் மீதி 17-ல் அதே வரி ரெண்டு தடவை! கட்டளை 'என்ன செய்' என்று சொன்னதே தவிர, 'கடைசியில் எப்படி இருக்கணும்' என்று சொல்லவில்லை.

வாக்காக மாற்றினால்?

"என் ஃபைலில் இந்த வரி ஒரே ஒரு முறை இருக்கும்." ஒவ்வொரு மெஷினும் தன்னைப் பற்றி மட்டும் சொல்கிறது. பாலிசியை ஒரே இடத்தில் எழுதலாம். மெஷின்தான் வந்து எடுத்துக்கொள்ளும். சிஎஃப்எஞ்சின் ஏஜென்ட் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும். வரி இருந்தால் சும்மா இருக்கும், இல்லாவிட்டால் சேர்க்கும். ஆஃப்ல இருந்த மெஷின் ஆன் ஆனதும் தானே சரியாகிவிடும். குபர்னெட்டிஸில் 'மூன்று பாட் ஓடணும்' என்று எழுதி வைப்பதும் இதே வழிதான்: ஒன்று போனால் புதுசா ஒன்று வரும்.

வாக்கு உத்தரவாதம் இல்லை

டேட்டாபேஸ் "பதில் தருவேன்" என்கிறது, தராமலும் போகலாம். அதனால் ஆப் தன் பக்க வாக்கையும் சொல்லணும்: "பதிலை வாங்கிக்கொள்வேன், 2 வினாடியில் வரலைன்னா மறுபடி கேட்பேன், அப்பவும் வரலைன்னா யூசருக்குச் சொல்வேன்." 'தருவேன்' என்பது பிளஸ் வாக்கு, 'வாங்கிக்கொள்வேன்' என்பது மைனஸ் வாக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: பாலிசியைத் தப்பாக எழுதினால், 20 மெஷினும் அந்தத் தப்பையும் விசுவாசமாகக் காப்பாற்றும். அதனால் முதலில் ஒரே ஒரு மெஷினில் சோதிங்க.

உங்களுக்கு ஒரு பயிற்சி

நீங்க எழுதிய செட்டப் ஸ்கிரிப்ட் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் ரெண்டு தடவை ஓட்டுங்க. பிறகு பாதியில் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்க. கடைசி நிலை ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருந்தால், உங்க ஸ்கிரிப்ட் வாக்குக் கொடுக்கக் கத்துக்கிட்டது. இல்லாவிட்டால், எந்த வரி அதைக் கெடுக்குதுன்னு தேடுங்க. பாடம் அங்கேதான் இருக்கு.