முயல் கார்பெட்டைக் கடித்தால் தரையை மாற்றுங்கள்

புதிதாக முயல் வளர்க்கும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

தோட்டத்து லயங்களில் முயல் வளர்ந்த காலத்தில் அது கொல்லைப்புறத்தில்தான் இருக்கும். ஒரு மரக்கூண்டு, அறுத்துப் போட்ட புல், அவ்வளவுதான். இப்போது மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் முயலை வரவேற்பறையிலேயே வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும், நல்லதுதான். ஆனால் அடுத்த வாரமே, "தாத்தா, கார்பெட்டைக் கடிச்சுக் குதறுது, என்ன செய்றது?" என்று கேட்டு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில், அடிக்காதீர்கள். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். மென்றுகொண்டே இருந்தால்தான் அவை தேயும். ஆகவே எதையாவது கடிப்பது அதன் பிழைப்பு. நீங்கள் கத்தினால் எதற்குக் கத்துகிறீர்கள் என்று அதற்கு விளங்காது, உங்களைக் கண்டு அஞ்சத்தான் கற்றுக்கொள்ளும். பயந்த முயலைப் பிடித்துத் தூக்கினால் பின்னங்காலை வீசி உதைக்கும். அந்த உதையிலேயே முதுகெலும்பு முறிந்துபோன முயல்கள் உண்டு. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

2. கார்பெட் பாழாவது பெரிய விஷயமே இல்லை. முயலின் குடலைப் பற்றிக் கவலைப்படுங்கள். கடைகளில் விற்கும் கார்பெட்டுகளில் பெரும்பாலானவை நைலான், பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் நூலில் நெய்தவை. முயல் ஓரத்தில் ஒரு இழையைப் பல்லால் பற்றி இழுக்கும், பிறகு தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மென்று விழுங்கும். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன நூல் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், இல்லையென்றால் அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும்.

முயல் நூலை விழுங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். காலையில் பெருக்கும்போது புழுக்கையைக் குனிந்து பாருங்கள். நல்ல முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவாக, தனித்தனியாக இருக்கும். உடைத்தால் உள்ளே புல் தூள் தெரியும். நூலையோ முடியையோ விழுங்கிய முயலின் புழுக்கைகள் மாலையில் கோத்த மணிகள்போல் ஒன்றோடொன்று தொங்கும். அப்படிக் கண்டால் அன்றைக்கே கார்பெட்டைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். புழுக்கை சிறுத்துப்போனால் கவனமாக இருங்கள். அரை நாளாகத் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை, மூலையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். விளக்கெண்ணெய், ஓமத்தண்ணீர் என்று பாட்டி வைத்தியம் எதுவும் வேண்டாம்.

3. கடியை நிறுத்தும் பெரிய மருந்து புல்தான். முயல் தின்பதில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் காய்ந்த புல்லும் பச்சைப் புல்லும் இருக்க வேண்டும். வயிற்றுக்கு நார் போதாத முயல்தான் கார்பெட் நாரைத் தேடிப் போகிறது. பல வீடுகளில் நான் பார்ப்பது என்ன? ஒரு கிண்ணம் நிறைய பெல்லட் தீவனம், இரண்டு கேரட், பிள்ளைகள் ஊட்டும் பிஸ்கட். புல் மட்டும் ஒரு கைப்பிடிதான். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். புல் எந்நேரமும் இருக்கட்டும், பெல்லட்டைச் சிறிதளவாகக் குறையுங்கள், பிஸ்கட்டை நிறுத்திவிடுங்கள். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

கடையில் விற்கும் திமோத்தி புல் வெளிநாட்டிலிருந்து வருவது, விலை கூடத்தான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி இடம் இருந்தால் நேப்பியர் புல் நட்டுக்கொள்ளுங்கள். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் புல் அறுக்கவே அறுக்காதீர்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது, உண்மைதான். மற்ற களைக்கொல்லிகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. பச்சையாகத் தெரிகிற புல்லில் நேற்றுத்தான் மருந்து அடித்தார்களா என்று பார்வையில் தெரியாது. சாலையோரப் புல்லும் அப்படித்தான்.

4. அடுத்தது தரை. நம் மலாக்காவில் மதியத்தில் 32, 33 பாகை வெயில் சாதாரணம். 28 பாகையைத் தாண்டினாலே முயலுக்குத் திணறல்தான். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் உடல் சூட்டைப் போக்கிக்கொள்ளும். அந்த வகையில் நம் வீட்டு டைல்ஸ் தரையும் சிமெண்டுத் தரையும் அதற்குப் பெரிய உதவி. வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குளிர்நாட்டுக்காரர்கள்போல் அறை முழுக்கக் கார்பெட் விரிக்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை.

இருந்தாலும் வெறும் டைல்ஸ் மட்டும் போதாது. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தையான தோல் கிடையாது, உரோமம் மட்டும்தான். வழவழப்பான தரையில் கால் வழுக்கி இடுப்பு விலகும். எந்நேரமும் கடினமான தரையில் இருந்தால் குதிகாலில் உரோமம் உதிர்ந்து புண்ணாகும். கம்பிவலைத் தரைக் கூண்டு இதைவிட மோசம். ரெக்ஸ் வகை முயலுக்குப் பாத உரோமம் மெல்லியது, சீக்கிரம் புண் வரும். அதனால் பாதித் தரை குளிர்ச்சிக்கு, பாதித் தரை பிடிமானத்துக்கு என்று பிரித்துக்கொடுங்கள்.

5. பிடிமானத்துக்கான அந்தப் பாதிக்கு என் சிபாரிசு மெங்குவாங் பாய். தாழை இனத்து ஓலையில் பின்னியது. கோரைப்பாய் கிடைத்தாலும் நல்லது. சாயம் போடாததாக, வார்னிஷ் பூசாததாகப் பார்த்து வாங்குங்கள். முயல் இதையும் கடிக்கும், கடிக்கட்டும். ஓலையும் கோரையும் செடிதானே, நைலானைப்போல் குடலில் தங்காது. ஓரம் பிய்ந்தால் வெட்டி நேராக்குங்கள், பாதி தின்றுவிட்டால் வேறு பாய் போடுங்கள். மூத்திரம் பட்ட பாயை அப்படியே விட்டால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். தண்ணீரும் வினிகரும் கலந்து துடைத்து வெயிலில் நன்றாகக் காய வைத்து எடுங்கள்.

பாசார் மாலாமில் பார்வைக்கு ஓலைப்பாய் மாதிரியே பிளாஸ்டிக் பாயும் விற்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஓர் இழையைப் பிய்த்து, குறடால் பிடித்து, நெருப்பில் காட்டுங்கள். ஓலை சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிக் கறுப்பாக உருண்டு நிற்கும். பெரியவர்கள் செய்யட்டும், சிறுவர்கள் வேண்டாம்.

6. விரிக்கக் கூடாதவை: அரிசிச் சாக்கு, உரச் சாக்கு. இப்போதைய சாக்குகள் பிளாஸ்டிக் நாடாவில் நெய்தவை, பிரிந்தால் நீள நீளமான நூலாக வரும். உரச் சாக்கில் ரசாயனமும் ஒட்டியிருக்கும். திக்கார் கெத்தா என்னும் பிவிசி விரிப்பும், பிள்ளைகள் விளையாடப் பொருத்திப் பொருத்தி விரிக்கும் நுரைப்பாயும் முயலின் பல்லுக்கு எளிதில் துண்டாகும். அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதியும் வேண்டாம்.

7. ரப்பர் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டதிலிருந்து இது நம் மாநிலத்து மரமாகிவிட்டது, நம் முன்னோர் சீவிய மரம். பழகிய மரம் என்பதால் தீங்கில்லை என்று எண்ணி, கடிக்கட்டும் என்று இலையையும் குச்சியையும் முயலுக்குப் போடுகிறவர்கள் உண்டு. ரப்பர் இலையிலும் மரவள்ளி இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இரண்டும் வேண்டாம். ரப்பர் பலகையில் செய்த நாற்காலி, மேசைக் கால்களையும் கடிக்க விடாதீர்கள். பூச்சியும் பூஞ்சையும் அரிக்காதிருக்க அந்தப் பலகைக்குப் போரான் மருந்து ஏற்றுவது வழக்கம். கடிக்கக் கொடுப்பதானால் மருந்து அடிக்காத கொய்யாக் கிளையை இலையோடு வெட்டிக் கொடுங்கள். முயல் பட்டையை உரித்துத் தின்னும் அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

8. கார்பெட்டை எடுக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லையா? முயல் எப்போதும் மூலையிலும் ஓரத்திலும்தான் ஆரம்பிக்கும். அந்த இடத்தில் கனமான டைல்ஸ் துண்டை வையுங்கள், அல்லது கார்பெட்டை மறைத்து மெங்குவாங் பாயை விரித்து ஓரத்தைச் சோபாவுக்கு அடியில் செருகுங்கள். நீங்கள் கண்காணிக்க முடியாத நேரத்தில் முயலை வேலி கட்டிய பகுதியில் விடுங்கள். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அது துடிப்பாக இருக்கும், கடியும் அப்போதுதான். மிளகாய்த் தண்ணீர் தெளிக்கச் சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் பட்டு எரியும், அது வதை.

9. தோண்டுகிற முயலுக்குத் தோண்ட இடம் கொடுங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் புல்லும் கிழித்த நாளிதழும் நிரப்பினால் போதும். பெண்முயல் திடீரென்று கார்பெட் நூலை வாய் நிறைய அள்ளிக்கொண்டு ஓடினால், தன் நெஞ்சு உரோமத்தையும் பிடுங்கினால், அது கூடு கட்டுகிறது. சினையாக இல்லாமலேயே சினைபோல் நடந்துகொள்வதும் உண்டு. காய்ந்த புல்லைக் குவித்துக் கொடுங்கள், நூலை விட்டுவிடும். கருத்தடை செய்தால் இந்தத் தோண்டலும் பிய்த்தலும் வெகுவாகக் குறையும். கருத்தடை செய்யாத பெண்முயலுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

10. மின்கம்பிகளைச் சுவரோரம் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். ஒரே கடியில் உயிர் போகும்.

11. தீபாவளி நெருங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். புதுக் கார்பெட் விரிப்போம், விருந்தினர் வருவார்கள், வெடிச் சத்தம் கேட்கும். பயந்த முயல் கண்டதையும் கடிக்கும், சிலது தின்பதையே நிறுத்திவிடும். இரண்டு நாளுக்கு முன்பே சத்தம் குறைந்த பின்னறையில், பழகிய பாயோடும் நிறையப் புல்லோடும் விட்டுப் பழக்குங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் முயலைப் பார்ப்பதில்லை. உங்கள் வட்டாரத்தில் பார்க்கிறவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, தொலைபேசி எண்ணை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். இன்னும் முயல் வாங்காதவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு, புல்லும் பாயும் வாங்கி வைத்துவிட்டு, அதன் பிறகு முயல் வாங்கப் போங்கள்.