சிலருக்கு மட்டும் வைத்தியச் செலவு மலையாவது ஏன்?



கொட்டாஞ்சேனையில் ஒரு தாயார், வெள்ளவத்தையில் ஒரு தாயார். இருவருக்கும் பதினைந்து வருடமாகச் சலரோகம். இவர்களைப் போன்ற வேறு பலருக்கு மாதாந்தக் கிளினிக்கோடு காரியம் முடிகிறது. இவ்விருவரின் பிள்ளைகளோ இந்த ஒரே வருடத்தில் நகையை அடகு வைத்து, கடனும் பட்டு நிற்கிறார்கள். "அவவின் தலைவிதி" என்று அயலவர் சொல்கிறார்கள். (இத்தாய்மார் இன்னார் என்று தேட வேண்டாம். நாம் எழுத்துக்காகப் படைத்த உருவங்களே, ஆனால் இப்படியானவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.)

தலைவிதி என்று விட்டுவிடுமுன் ஒரு கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் வைத்தியத்துக்குச் செலவாகும் பணத்தில் ஏறக்குறையப் பாதி, குடிசனத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்காகவே போகிறது என்பது பல ஆண்டுகளாகக் கண்டறியப்பட்ட உண்மை. யார் அந்த ஐந்து பேர்? விபத்தில் சிக்கியோர், குறைமாதக் குழந்தைகள், புற்றுநோயாளர் ஆகியோர் அதில் உண்டு. எனினும் சலரோகம், குருதி அமுக்கம், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் என இரண்டு மூன்றை ஒன்றாகச் சுமப்போரே அதில் பெருந்தொகை. கொழும்பு நகரில் 2014ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஓர் ஆய்வில் வளர்ந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் சலரோகம் காணப்பட்டது. ஆகவே விடயம் நமக்குத் தூரமானதல்ல.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951ஆம் ஆண்டு நீக்கப்பட்டன. பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு இல்லை. அப்படியிருந்தும் கடன் எப்படி வருகிறது? வாட்டுக்கு வெளியேதான் வருகிறது. அங்கே இல்லாத மருந்து, வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனை, ஓட்டோக் கூலி, பக்கத்தில் நிற்பவரின் இழந்த சம்பளம் ஆகியவற்றை எந்தப் பில்லிலும் ஒன்றாகக் காண முடியாது. சிறு காசுதானே என்பீர்கள். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியபோது வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அது நீக்கப்பட்டது. 25 சதமே ஏழையை வாசலில் மறித்தது என்றால் மற்றதைச் சொல்ல வேண்டுமோ?

கொட்டாஞ்சேனைத் தாயாரின் கதை காலில் தொடங்குகிறது. சலரோகம் நீண்டால் பாத நரம்பு மரத்துப்போகும். செருப்பு உராய்ந்து புண் வருகிறது. நோவில்லை, ஆகவே அவர் பார்ப்பதுமில்லை. மகனுக்குத் துறைமுகத்தில் நாட்கூலி. ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் சோறு போய்விடும். மூன்று கிழமை கழித்து மணம் வந்த பிறகே கொண்டு போகிறார்கள். முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. சிறுநீரகமும் இப்படித்தான் சத்தமில்லாமல் பழுதாகும். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று வருடத்தில் ஒரு தடவை பார்த்து, பிரஷரையும் சீனியையும் அடக்கி வைத்தால் பலருக்கு அது மெதுவாகும். பார்க்காவிட்டால் ஒருநாள் மாளிகாவத்தைச் சிறுநீரக வைத்தியசாலைக்கோ, இடம் கிடையாதபோது தனியார் நிலையத்துக்கோ, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணித்தியாலம் டயலிசிஸுக்குப் போக வேண்டிவரும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் அதற்கு முடிவு திகதியே இல்லை.

வெள்ளவத்தைத் தாயாருக்குக் காசுக் குறைவில்லை. ஒரு மகள் கனடாவில், ஒரு மகன் இலண்டனில். இருதயத்துக்கு ஒரு நிபுணரைச் சனல் பண்ணுவார்; சீனிக்கு வேறொருவர், முழங்காலுக்கு இன்னொருவர். நான்கு கோவைகள், ஆனால் ஒருவரின் துண்டை மற்றவர் பார்ப்பதில்லை. கிளிக்கிளசைட் என்ற ஒரே சீனி மாத்திரையை இரண்டு கம்பனிப் பெயரில் இரண்டு வைத்தியர் எழுதினால், தாயார் இரண்டையும் விழுங்குவார். சீனி மட்டுமீறி இறங்கி, இரவில் குளியலறையில் மயங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. மகன் அன்றே சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்பினான், நல்ல பிள்ளை. ஆனால் அம்மா காலையில் எத்தனை மாத்திரை போடுகிறா என்று அந்த நான்கு வருடத்தில் ஒருதரமாவது தொலைபேசியில் கேட்டானா?

கம்பனிப் பெயரும் மருந்தின் சொந்தப் பெயரும் வேறு என்பதை நமக்கு உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். சொந்தப் பெயரில் மருந்தை வாங்கி விலையைக் குறைத்துக் காட்டினார். 1977இல் கயானாவில் இறந்தார். ஒசுசல கடைகள் அவர் விட்டுச் சென்ற வழியில் வந்தவை. 2022இல் ரூபா வீழ்ந்து மருந்து விலை ஏறியபோது, மாத்திரையைப் பாதியாக உடைத்தும், ஒன்றுவிட்டொரு நாளும் போட்ட வீடுகளை நாம் அறிவோம். அந்த மிச்சப்படுத்தலின் வட்டி இரண்டு மூன்று வருடம் பிந்தித்தான் வரும்.

அமெரிக்காவில் காம்டன் என்ற ஏழை நகரில் வைத்தியர் ஜெஃப்ரி பிரென்னர் இப்படி அதிகச் செலவாகும் நோயாளரைத் தேடி, தாதியரையும் சமூக ஊழியரையும் வீட்டுக்கே அனுப்பினார். 2011இல் அதுல் கவாண்டே எழுதிய கட்டுரையால் அது உலகப் புகழ் பெற்றது. 2020இல் முறையான ஆய்வின் முடிவு வந்தது. 800 பேரில் உதவி பெற்றோரும் பெறாதோரும் ஆறு மாதத்துக்குள் ஒரே அளவில், நூற்றுக்கு 62 பேர் போல, திரும்ப வைத்தியசாலைக்கு வந்தார்கள். செலவு உச்சிக்குப் போனவர்களில் பலருக்கு அது தானாகவே இறங்குவதும் உண்டு. அதை முன்னர் உதவியின் பலன் என்று எண்ணிவிட்டார்கள். உதவி வீண் என்று நாம் சொல்லவில்லை. கால் போன பிறகு காலணி கொடுப்பது போல அது பிந்தி வந்தது என்பதே எமது எண்ணம்.

ஆகவே இன்று மாலை ஒரு கொப்பி வாங்குங்கள். முதற் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் போடும் ஒவ்வொரு மருந்தின் சொந்தப் பெயரும் அளவும் நேரமும் எழுதுங்கள். கம்பனிப் பெயரை அல்ல, பெட்டியில் சிறிய எழுத்தில் இருப்பதை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் பிரஷர், சீனி, சிறுநீர்ப் பரிசோதனை, திகதியுடன். எந்த வைத்தியரிடம் போனாலும் வாய் திறக்குமுன் அந்தக் கொப்பியை மேசையில் வையுங்கள். அதைப் பார்க்க ஒரே குடும்ப வைத்தியரை நிலையாகப் பிடியுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சலரோகக்காரர் குனிய முடியாதவராயின், இரவில் படுக்குமுன் ஒரு முகக்கண்ணாடியை நிலத்தில் வைத்து அவரின் உள்ளங்காலைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளிடம் விட்டால் அவர்கள் ஒரு நாளும் தவறவிடமாட்டார்கள்.