பொன் வட்டிலும் வேண்டுமோ?

திருவாய்மொழி ஆறாம் பத்தின் ஏழாம் பதிகம், திருக்கோளூருக்குப் புறப்பட்ட மகளைக் குறித்துத் தாய் பேசுவது. சோறும் நீரும் வெற்றிலையும் அவளுக்குக் கண்ணனே என்கிறது முதற்பாசுரம். இம்மூன்றையும் முறையே தாரகம், போஷகம், போக்யம் என்று பூர்வர்கள் வகுத்தருளினர். உயிரைத் தரிப்பிப்பது, வளர்ப்பது, இனிப்பது என்று பொருள்.

நம் இல்லத்துக் கணக்கும் இம்மூன்றிலே அடங்கும். எரியோட்டைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் கிணற்றை ஆழப்படுத்த வாங்கும் கடன் தாரகத்தின்பாற்பட்டது. அயலார் செய்தனர் என்று மண்டபம் பிடித்து விழா நடத்த வாங்கும் கடனோ, வெற்றிலைக்காகச் சோற்றை அடகு வைப்பது. வங்கிப் பணியில் இவ்விரண்டையும் நாம் நிரம்பக் கண்டுள்ளோம்.

கூரத்தில் பெருஞ்செல்வராய் இருந்த ஆழ்வான், அனைத்தையும் விட்டுத் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டுவழியில் தேவியார் அஞ்சினார். மடியில் கனம் இல்லையேல் பயம் ஏன் என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்கெனக் கொணர்ந்த பொன் வட்டில் வெளிப்பட்டது. அதை வாங்கி அப்பால் எறிந்தார். அமுது தாரகம், அதனை ஏந்தும் பொன் தாரகமன்று. தேவையின் பின்னே ஒளிந்து வரும் ஆசையை இவ்வாறே அறியவேண்டும்.

எம்பெருமானே போக்யமானால், எளிய வாழ்வு குறையாகத் தோன்றாது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.