எதிலிருந்து எது வந்தது? – ஆம்னி பஸ்

கேள்வி: ஆம்னி பஸ் என்கிறோமே, 'ஆம்னி' என்பது ஒரு கம்பெனியின் பெயரா? மாருதி ஆம்னி வேனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கம்பெனி பெயர் இல்லை. ஆம்னிபஸ் என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். லத்தீன் மொழியில் அதற்குப் பொருள் 'எல்லோருக்கும்'. நாம்தான் அதை நடுவில் உடைத்து, ஏதோ ஒரு வகை பஸ்ஸுக்கு ஆம்னி என்று பெயர்போல ஆக்கிவிட்டோம்.

லத்தீனில் 'ஆம்னிஸ்' என்றால் எல்லாம், எல்லோரும். நம் இலக்கணத்தில் 'கு' சேர்ந்தால் நான்காம் வேற்றுமை ஆகிறதல்லவா? அந்த வேலையை அங்கே பன்மையில் செய்வது 'புஸ்' என்ற விகுதி. ஆங்கிலேயர்கள் ஆம்னிபஸ்ஸைச் சுருக்கியபோது பொருள் இருந்த முன்பாதியை உதறிவிட்டு, உருபை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். 'எல்லோருக்கும்' என்பதில் 'எல்லோரு' போய், 'ஏழு மணி க்கும் போய்விட்டது, அடுத்த க்கும் எப்போது?' என்று நாம் பேசிக்கொண்டால் எப்படி இருக்கும்? உலகம் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்த 'புஸ்' நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. பூஜையின் தொடக்கத்தில் 'குருப்யோ நமஹ' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். குருமார்களுக்கு வணக்கம் என்று அர்த்தம். அதில் 'களுக்கு' என்ற பொருளைத் தருவது 'ப்யோ'. சம்ஸ்கிருதமும் லத்தீனும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் 'ப்ய'வும் 'புஸ்'ஸும் பங்காளிகள். அந்த வகையில் பார்த்தால் கோயம்பேட்டில் நிற்கும் வண்டிக்கும் அந்த மந்திரத்துக்கும் தூரத்து உறவு உண்டு.

சொல்லின் கதை இது. வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது பிரான்சில். நாந்த் நகரத்துக்காரர் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி. நகரின் ஓரத்தில் அவருக்கு ஒரு மாவு மில் இருந்தது. மில்லின் நீராவி எந்திரத்தில் மிஞ்சிய வெந்நீரை வீணாக்குவானேன் என்று பக்கத்திலேயே ஒரு குளியல் கூடம் கட்டினார். அவ்வளவு தூரம் குளிக்க யார் வருவார்கள்? ஊர் நடுவிலிருந்து குதிரை வண்டி விட்டார். ஜனங்கள் ஏறினார்கள், ஆனால் பாதி வழியிலேயே இறங்கி அவரவர் ஜோலியைப் பார்க்கப் போனார்கள். குளியலைவிட வண்டியில்தான் காசு இருக்கிறது என்று போத்ரிக்குப் புரிந்தது. 1826ஆம் வருடத்து சமாச்சாரம். 1828இல் பாரிஸுக்கும் போய் அதே தொழிலை விரித்தார்.

வண்டி புறப்படும் இடத்துக்கு எதிரே ஓம்னேஸ் என்ற தொப்பி வியாபாரியின் கடை இருந்ததாகவும், தன் பெயரை வைத்துச் சிலேடையாக 'ஓம்னேஸ் ஆம்னிபுஸ்' என்று அவர் போர்டு மாட்டியிருந்ததாகவும், அதிலிருந்துதான் வண்டிக்குப் பெயர் வந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். 'எல்லாம் எல்லோருக்கும்' என்றும் படிக்கலாம், 'எல்லோருக்கும் ஓம்னேஸ்' என்றும் படிக்கலாம். பலமான ஆதாரம் இல்லாத கதை. பெயருக்குக் காரணம் சொல்ல வந்த கதைகள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது எனக்குச் சந்தேகம் வரும். படித்தவர்கள் எல்லாம் லத்தீன் அறிந்திருந்த காலத்தில் 'எல்லோருக்குமான வண்டி' என்று பெயர் வைக்கத் தொப்பிக்காரர் தயவு தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பெயரில் ஓர் உறைப்பும் இருந்தது. அதே பாரிஸில் 1662இல், கணித மேதை பாஸ்கல் முன்னின்று, ஐந்து சூ கட்டணத்தில் வழித்தடம் வகுத்து வண்டி விட்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். ஆனால் கனவான்களுக்கு அசௌகரியம் என்று, சிப்பாய்களும் வேலைக்காரர்களும் அதில் ஏறக்கூடாது என நீதிமன்றம் தடை போட்டது. பிறகு வண்டியும் நின்றுபோனது. 166 வருடம் கழித்து அதே ஊரில் 'எல்லோருக்கும்' என்று பெயர் எழுதிய வண்டி வந்தது.

லண்டனுக்கு இதைக் கொண்டுபோனவர் ஜார்ஜ் ஷில்லிபியர். பாரிஸில் வண்டி கட்டும் தொழிலில் இருந்து அனுபவப்பட்டவர். 1829 ஜூலை 4ஆம் தேதி பாடிங்டனிலிருந்து பேங்க் பகுதிக்கு அவருடைய முதல் ஆம்னிபஸ் புறப்பட்டது. மூன்று குதிரைகள் பக்கத்துப் பக்கத்தில், உள்ளே 22 பேர், முழுத் தூரத்துக்கு ஒரு ஷில்லிங். முன்பதிவு வேண்டாம், கை காட்டினால் நிற்கும். அன்றைய லண்டனுக்கு அது புதுசு. பெயரைப் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்தார். அடுத்த சில வருடங்களிலேயே ஜனங்கள் அதை 'பஸ்' ஆக்கிவிட்டார்கள். போட்டி வண்டிகள் பெருகி, ஷில்லிபியர் நொடித்துப் போனார். பிறகு பிரேதமும் துக்கத்துக்கு வந்தவர்களும் ஒன்றாகப் போகிற மாதிரி ஒரு சவ வண்டியை வடிவமைத்து, அந்தத் தொழிலில் இறங்கினார். எல்லோருக்குமான வண்டி என்றால் அதைச் சொல்லலாம்.

மாருதி வேன் 1984இல் சந்தைக்கு வந்தபோது அதன் பெயர் வெறும் வேன்தான். ஆம்னி பிறகு சூட்டிய பெயர். அதே லத்தீன் வேர் என்பதைத் தவிர வேறு சொந்தம் இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸை யாரும் ஆம்னி என்பதில்லை. சென்னைக்குப் போகும் தனியார் பஸ் மட்டும் ஆம்னி. இது என்ன கணக்கு?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கணக்கு பெர்மிட்டில் இருக்கிறது. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 'ஆம்னிபஸ்' என்பதற்குத் தனி விளக்கமே உண்டு: டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய மோட்டார் வண்டி. அவ்வளவுதான். ஏசியோ படுக்கையோ அதில் பேச்சே இல்லை. பெரிய குடும்பத்துக்காக வாங்கிய சொந்த வேனின் ஆர்சியில்கூட 'ஆம்னி பஸ் – சொந்த உபயோகம்' என்று இருப்பதைப் பார்க்கலாம்.

அதே சட்டம் பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஆளுக்கு ஆள் தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு வழியில் ஏற்றி இறக்குவது ஸ்டேஜ் கேரேஜ். கண்டக்டர் 'இந்த ஸ்டேஜுக்கு எட்டு ரூபாய்' என்கிறாரே, அந்த ஸ்டேஜ்தான். அரசு பஸ், உங்கள் ஊர் தனியார் டவுன் பஸ், மினி பஸ் எல்லாம் இந்த வகை. கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கும். மற்றது கான்ட்ராக்ட் கேரேஜ். வண்டியை மொத்தமாகப் பேசி, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை வழியில் ஏற்றக்கூடாது, இறக்கவும் கூடாது. சுற்றுலா, கல்யாணம் என்று போவதற்கு ஏற்பட்ட ஏற்பாடு. தமிழ்நாட்டில் தனியாரின் இரவு நேர வெளியூர் சர்வீஸ்கள் இந்த பெர்மிட்டில்தான் ஓடுகின்றன. ஆர்டிஓ காகிதத்திலிருந்த ஆம்னிபஸ் என்ற சொல், ஜனங்கள் வாயில் இவற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பெருங்களத்தூரில் நின்று பாருங்கள். கிளீனர் படியில் தொங்கிக்கொண்டு 'மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், ஏசி ஸ்லீப்பர்' என்று கூவுவார். கையில் சார்ட் இருக்கும், சீட்டு காலியென்றால் சார்ட்டில் இல்லாத ஆளும் ஏறுவார். ஷில்லிபியரின் வண்டி செய்ததும் இதைத்தான். லண்டனின் மையப் பகுதியில் ஆள் ஏற்றும் உரிமை வாடகைக் கோச்சு வண்டிக்காரர்களுக்கு மட்டுமே என்றிருந்ததால், அவர் நகரத்தின் ஓரத்துப் புதிய சாலை வழியாகத் தடம் வகுத்தார். 1832இல் சட்டத்தை மாற்றிய பிறகுதான் ஆம்னிபஸ்கள் ஊருக்குள் நின்று ஆள் ஏற்ற முடிந்தது. வழியில் ஆள் ஏற்றலாமா என்ற அந்த வழக்கு நம் ஊரில் இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எல்லோரும் ஏறலாம் என்று சட்டம் சொல்கிற வண்டிக்கு வெறும் உருபுதான் பெயர், பஸ். குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்று பெர்மிட் வாங்கிய வண்டிதான் 'எல்லோருக்கும்' என்று முழுப்பெயரையும் போட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை என்பதால் தீபாவளிக்கு முந்தின இரவு அது யாருக்கெல்லாம் எட்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மின்சாரத்தில் பஸ் பார் என்கிறார்களே, அது எந்த பஸ்?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: அதே பஸ்தான். அடுக்குமாடிக் கட்டடத்தின் மீட்டர் அறையில் பெரிய பெட்டியைத் திறந்தால் தட்டையான தாமிரப் பட்டையோ அலுமினியப் பட்டையோ குறுக்கே ஓடும். வெளியிலிருந்து வரும் சப்ளை அதில் வந்து சேர, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை பிரியும். எல்லா சர்க்யூட்டுக்கும் பொதுவானது என்பதால் முதலில் ஆம்னிபஸ் பார் என்றார்கள். பிறகு தேய்ந்து பஸ் பார் ஆயிற்று. சப்ஸ்டேஷன்காரர்கள் 'பார்' கூட இல்லாமல் பஸ் என்றே சொல்வார்கள்.

கம்ப்யூட்டர்காரர்கள் அதை இவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பல பாகங்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வழி அங்கே பஸ். 1996இல் வந்த யூஎஸ்பியின் கடைசி எழுத்து அதுதான்: யுனிவர்சல் சீரியல் பஸ். யுனிவர்சலும் லத்தீனிலிருந்து வந்து, அனைத்துக்கும் பொது என்றே பொருள்படுவது. இத்தனைக்குப் பிறகும் பழைய போனின் கேபிள் புதிய போனில் நுழைவதில்லை.